என் மருமகள் கட்டிய பொய்த் தெரு

என் மருமகளை முதன்முதலில் பார்த்த நாளே எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததை மறைத்துப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. அவளுக்கும் அது தெரியும். பெண் பார்க்க நாங்கள் போவதற்குப் பதிலாக அவர்களே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வந்து உட்கார்ந்தவள், கொடுத்த டீயை ஓரமாக வைத்துவிட்டு ஜன்னல் திரையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "ஒத்தைத் தையல். மூணு துவைப்புக்கு மேல தாங்காது அத்தை" என்றாள். கல்யாணமே இன்னும் பேசி முடியவில்லை. அதற்குள் அத்தை, அதற்குள் குறை! நான் நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய திரை அது. மூன்றாவது துவைப்பில் கிழிந்தது என்பது வேறு விஷயம்.

அப்போது அவளுக்கு அதுதான் வேலை. துணி தைக்கும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். வரிசையாக வரும் சட்டைகளின் தோளையும் அக்குளையும் இழுத்துப் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பதினான்கு வருஷம் அப்படி இழுத்த கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? கதவுக் கைப்பிடியை மூன்று தரம் ஆட்டிப் பார்க்கும். நாற்காலியில் உட்காரும் முன் அதை ஒரு குலுக்குக் குலுக்கும். "என் பிள்ளையை மட்டும் ஏண்டி இழுத்துப் பார்க்காம கட்டிக்கிட்டே?" என்று ஒரு நாள் கேட்டேன். "பார்த்தேன் அத்தை. வாய் திறக்க மாட்டார், அது ஒண்ணுதான் குறை. இந்த வீட்டுல அது தேவைதான்னு விட்டுட்டேன்" என்றாள். அவன் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்ப்பவன். பேச்சையும் அங்கேயே உறைய வைத்துவிட்டு வருவான்.

தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. கூட வேலை பார்த்தவர்கள் வாசலில் நின்று அழுதார்கள். இவளும் அழுதாள். அழுத கையோடு போய், சாஃப்ட்வேர் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் ஆறு மாத வகுப்பில் சேர்ந்துவிட்டாள். கூடப் படித்ததெல்லாம் அவளுக்குப் பாதி வயது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டு வாத்தியாரின் உயிரை வாங்கினாள். பிறகு ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. ஒரு சாஃப்ட்வேரைக் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொன்னார்களாம். மற்றவர்கள் மூன்று, நான்கு சொன்னார்கள். இவள் பத்தொன்பது சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு திருகு கழன்றிருப்பதையும் சொன்னாள். வேலை கிடைத்தது. ஆனால் நிரந்தரம் இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கும் காகிதம்.

அந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. எனக்கே புரிந்துவிட்டது, உங்களுக்குப் புரியாமல் போகாது.

ஆபீஸில் ஏஜென்ட் என்கிறார்கள். நான் தரகன் என்கிறேன். ஆள் கிடையாது, கம்ப்யூட்டருக்குள் தானாக ஓடும் சாஃப்ட்வேர். "படுக்கையில் கிடக்கும் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்" என்று அவனிடம் சொன்னால் போதும். எந்த வண்டி, எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். அவனே நெட்வொர்க்கில் இறங்கித் தேடுவான். அங்கே வண்டிக்காரர், ஆஸ்பத்திரி, ஆக்ஸிஜன் சிலிண்டர் கொடுப்பவர் என்று ஆளாளுக்குப் போர்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். எங்களால் இது முடியும், எங்களிடம் இப்படிக் கேளுங்கள் என்று. தரகன் அதையெல்லாம் படித்து, நாலு பேரிடம் விசாரித்து, யார் முன்னால், யார் பின்னால் என்று கோத்து முடித்துவிடுவான்.

ஆனால் திறந்த நெட்வொர்க்கில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். பொய்யனும் மாட்டுவான், சோம்பேறியும் மாட்டுவான். அதனால் தரகனை வெளியே விடும் முன் உள்ளேயே ஒரு பொய்த் தெருவைக் கட்டி, அதில் அவனை அலைய விட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தெருவைக் கட்டுவதுதான் என் மருமகளின் வேலை. நாற்பத்திரண்டு பொய்க் கடைகள் வைத்திருந்தாள். பொய் வண்டி, பொய் ஆஸ்பத்திரி, பொய் மருந்துக்கடை. ஒன்று தாமதம் செய்யும், ஒன்று பாதியில் கைவிடும், ஒன்று வாய் கூசாமல் புளுகும். குடும்பப் பெண் மாதிரி பட்டாணி உரித்துக்கொண்டே நாள் முழுக்கப் பொய் யோசிப்பாள்.

"அத்தை, வண்டி வரவே கூடாது. ஆனா வர்ற மாதிரியே இருக்கணும். எப்படிச் சொல்லலாம்?"

"கிளம்பிட்டோம்னு சொல்லு. அரை மணி கழிச்சுக் கேட்டா முக்குல திரும்பறோம்னு சொல்லு. மறுபடி கேட்டா, கேட்டவன் மேலயே எரிஞ்சு விழு."

மறுநாள் வந்து சொன்னாள். "முக்குல திரும்பறோம்னதை ரெண்டு தரம் நம்பிடுச்சு அத்தை. மூணாவது தரம் வேற வண்டி தேடிப் போயிடுச்சு."

"உங்க மாமாவுக்கு அது தேவலை. அவர் குழாய் ரிப்பேர்காரனை மூணு நாள் நம்பினார்."

இந்தத் தரகன் வீட்டோடு முடங்கிய நோயாளிகளுக்காகத் தயாரானவன். வெளியே விடலாம் என்று கடைசிக் கையெழுத்துப் போடும் பொறுப்பு முதல் தடவையாக என் மருமகளுக்கு வந்திருந்தது. அவளுடைய மேலதிகாரி ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவள் என்பதால் வீட்டில் நாங்கள் கண்ணாடியம்மா என்போம். இது நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று அந்த அம்மாள் வாயால் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை கையெழுத்து. அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் அந்தக் கூத்து நடந்தது.

காலை பத்தரை மணி. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் முக்காலி மேல் ஏறி நின்று சமையலறையின் புகைவிசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. திட்டிக்கொண்டே இறங்கிக் கதவைத் திறந்தால் இரண்டு ஆண்கள். ஒருவர் குண்டு, மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் ஒல்லி, மடித்த ஸ்ட்ரெச்சரைத் தோளில் சாத்தியிருந்தார். இருவருக்கும் ஒரே நீலச் சட்டை, பாக்கெட்டிலிருந்து பிரித்த மடிப்பு இன்னும் போகவில்லை.

"பாட்டி எந்த ரூம்ல இருக்காங்க?" என்றார் குண்டானவர்.

"எந்தப் பாட்டி?"

"எழுபத்தி நாலு வயசு. மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை, பதினோராம் நம்பர் வீடு."

"எழுபத்தி நாலு நான்தான்."

என் கையிலிருந்த கரித்துணியைப் பார்த்தார். பின்னால் நின்ற முக்காலியைப் பார்த்தார். "நீங்க இல்லம்மா. இவங்களால எழுந்திருக்க முடியாது. பேச்சும் கிடையாது."

"என்ன கிடையாது?"

"பேச்சு. வாய் பேச வராதுன்னு போட்டிருக்கு."

"மச்சான், வீடு மாறிடுச்சுன்னு நெனைக்கிறேன்" என்றார் ஒல்லியானவர், மெதுவாக.

"எவன் போட்டான் அப்படி? எனக்கா வாய் பேச வராது? இந்த மாடிப்படியில எந்த வீட்டுக் கதவை வேணும்னாலும் தட்டிக் கேட்டுப் பாரு!"

"மச்சான், கண்டிப்பா வீடு மாறிடுச்சு."

அதற்குள் கீழேயிருந்து இன்னொரு குரல்: "சிலிண்டரை மேல தூக்கணுமா, வேண்டாமா?" அந்தக் குரல் அடங்குவதற்குள் என் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ்.

"பேஷண்ட் கிளம்பிட்டாங்களா? பெட் பிடிச்சு வெச்சு நாற்பது நிமிஷம் ஆச்சும்மா. வராந்தாவுல மூணு பேர் காத்திருக்காங்க."

என் புருஷன் அப்படி ஒரு வராந்தாவில்தான் போனார். காலையில் கொண்டுபோனோம். சாயங்காலம் பெட் காலியானபோது அவருக்குத் தேவைப்படவில்லை. அதனால் நர்ஸிடம் நான் வாயாடவில்லை.

"இங்க பேஷண்ட் யாரும் இல்லம்மா. ஏதோ தப்பு நடந்திருக்கு. பெட்டை அவங்களுக்குக் குடுத்துடு."

"பதிவு பண்ணினவங்கதான் வேண்டாம்னு சொல்லணும். நீங்க யாரு?"

"நான்தான் பேஷண்ட்."

நர்ஸுக்குத் தலை சுற்றியிருக்கும். போனை வைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டேன்.

"ஏண்டி, என்னை எங்க அனுப்பறே?"

"என்ன அத்தை?"

"ஸ்ட்ரெச்சரோட ரெண்டு பேர் நிக்கறாங்க. கீழ சிலிண்டர் நிக்குது. ஆஸ்பத்திரியில பெட் காத்திருக்கு. எனக்கு வாய் பேச வராதாமே!"

"வயசு எழுபத்தி நாலுன்னு சொன்னாங்களா?" என்றாள்.

"ஆமா."

"ஐயோ. வைங்க அத்தை, வைங்க. பெட்டை முதல்ல விடணும்."

அவள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. சிலிண்டர்காரர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். மற்ற இருவரையும் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன். குண்டானவர் இருபது வருஷம் பேக்கரி வண்டி ஓட்டியவராம். பேக்கரிக்காரர் கழித்துப்போட்ட வண்டியை வாங்கி, ரொட்டித் தட்டுகளைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சர் நிற்கக் கம்பி அடித்திருக்கிறார். ஒல்லியானவர் அவருடைய தங்கையைக் கட்டியவர், ஆஸ்பத்திரியில் ஆள் தூக்கிப் பழக்கம் உள்ளவர். நெட்வொர்க்கில் போர்டு மாட்டி ஒன்பது நாள்தான் ஆகிறது.

"ஒன்பது நாளா போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்மா. முதல் சவாரி இதுதான்" என்றார் குண்டானவர். "என்ன கேள்வி கேட்டுச்சு தெரியுமா? படி எத்தனை, வளைவுல ஸ்ட்ரெச்சர் திரும்புமா, வண்டிக்குள்ள சிலிண்டர் நேரா நிக்குமான்னு. என் சம்சாரம்கூட என்னை இவ்வளவு அக்கறையா விசாரிச்சதில்லை."

"என் அக்காவைக் குறை சொல்லாதீங்க" என்றார் ஒல்லியானவர்.

"நீ மட்டும் என் தங்கச்சியைக் குறை சொல்றதில்லையா?"

"அது வேற விஷயம் மச்சான்." பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் போலிருக்கிறது. நான் அதற்குள் போகவில்லை.

மருமகள் வந்தாள். பெட்டை விட்டாச்சா என்று கேட்டேன். மூன்று பேரிடம் கெஞ்சி விடுவித்து, வராந்தாவில் இருந்தவர் ஒருவர் அதில் படுத்த பிறகுதான் பஸ் ஏறினாளாம். என்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால், குண்டானவரின் போனை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கீழிருந்து மேலாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். முகத்தில் பயம் அப்பியிருந்தது. அதற்கு அடியில், வெட்கமில்லாமல், கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

"எப்படி வெளிய வந்தே நீ?" என்று போனைக் கேட்டாள்.

பிறகு எங்களுக்குச் சொன்னாள். சோதனைக்காக ஒரு பொய் நோயாளியை எழுத வேண்டும். முகவரி கேட்ட இடத்தில் கற்பனையாக எதைப் போட்டாலும், அப்படி ஓர் இடமே இல்லை என்று தரகன் திருப்பி அனுப்பிவிட்டான். புதன்கிழமை சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், நம் வீட்டு முகவரியையும் என் வயதையும் என் போன் நம்பரையும் போட்டுவிட்டாள். உள்ளேயே சுற்றப்போகிற காகிதம்தானே என்ற நினைப்பு. அன்றைக்கென்று நாற்பத்திரண்டு கடைகளையும் பொய் சொல்ல வைத்திருந்தாள், கடைசிச் சோதனை கடுமையாக இருக்கட்டும் என்று.

அதில் ஒரு கடை விசாரணைக் கடை. யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்லும் இடம். நிஜம் மாதிரியே இருக்க வேண்டும் என்று வெளியே இருக்கும் ஒரு விசாரணைப் பலகையை அச்சு அசலாகக் காப்பி எடுத்திருந்தாள். அந்தப் பலகையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: இங்கே கிடைக்காவிட்டால் அங்கே கேட்கவும். அந்த அங்கே என்பது நிஜ நெட்வொர்க். ஊரார் தைத்ததையெல்லாம் இழுத்துப் பார்ப்பவள், தான் தைத்ததை இழுத்துப் பார்க்கவில்லை.

"நாற்பத்திரண்டு பேரும் ஏமாத்தினதும், அந்த வரியைப் பிடிச்சுக்கிட்டு சுவர் ஏறிக் குதிச்சிருக்கு அத்தை. போய் நிஜ வண்டி, நிஜ பெட், நிஜ சிலிண்டர்னு..."

"எல்லாரும் சொன்ன நேரத்துக்கு வந்தோம்" என்றார் குண்டானவர், நிமிர்ந்து உட்கார்ந்து.

"அது சரி. வாய் பேச வராதுன்னு ஏண்டி போட்டே?"

"நோயாளியால பதில் சொல்ல முடியலைன்னா என்ன பண்ணுதுன்னு பார்க்கணும் அத்தை. அதுக்காகப் போட்டது."

"அதுக்காகவா, ஆசைக்காகவா?"

தலை நிமிராமல், "ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்" என்றாள். ஒல்லியானவருக்கு டீ புரையேறிவிட்டது.

போகும்போது குண்டானவர் வாசலில் நின்றார். "அப்ப இது எங்க முதல் சவாரி இல்லையாம்மா?" என்றார். அவள் அவர் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டாள்.

கதவைச் சாத்திவிட்டு நான் ஆரம்பித்தேன். "இதை யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே. பெட்டை விட்டாச்சு. வந்தவங்க போயாச்சு. அந்த வரியை அழி, திங்கட்கிழமை கையெழுத்தைப் போடு, காகிதத்தை வாங்கு. அஞ்சு வருஷமா நீ படற பாடு எனக்குத் தெரியும்."

அவள் டீ கிளாஸ்களைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். "அத்தை, வரியை அழிக்கிறது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா சுவரைத் தாண்டறதுக்கு முன்னாடி, போகட்டுமான்னு அது ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்கலை. ஏன் கேட்கலைன்னு எனக்குத் தெரியலை. தெரியாம வெளிய விட்டா, இன்னும் எத்தனை பெட்டைப் பிடிச்சு வெச்சுக்கும்?"

"வேலை போயிடும்டி."

"போகலாம்."

என் புருஷன் போன வராந்தாவை அவள் பேச்சில் இழுத்திருக்கலாம். அதைச் சொல்லி என் வாயை ஒரே நொடியில் அடைத்திருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். சொல்லாததால் எனக்கு அவள்மேல் கோபம் இரண்டு மடங்கானது.

அங்கேயே நின்றபடி கண்ணாடியம்மாவைக் கூப்பிட்டாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாலும் அந்த அம்மாளின் குரல் கூடம் வரை கேட்டது. "உங்க வீட்டு அட்ரஸா? உங்க சொந்த வீட்டு அட்ரஸையா போட்டீங்க?" இவள் மழுப்பவில்லை. "ஆமா மேடம், என் தப்புதான். ஆனா அது கேட்காம வெளிய போனது என் தப்பு மட்டும் இல்லை. திங்கட்கிழமை என்னால கையெழுத்துப் போட முடியாது."

சாயங்காலத்துக்குள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் அவள் நுழைய முடியாதபடி செய்துவிட்டார்கள். விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

பதினோரு நாள் இருந்தாள். அந்தப் பதினோரு நாளும் எங்கள் வீடு பட்ட பாடு! கேஸ் டியூபைச் சோதித்தாள். என் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து, காலாவதியானதைப் பொறுக்கித் தூக்கிப் போட்டாள். என் கட்டில் கால் அரை விரல் சாய்ந்திருப்பதாகச் சொல்லி அட்டை வைத்தாள். நடுநடுவே ஜன்னலோரம் போய் நின்றுவிடுவாள். மூன்றாம் நாள் என் மகன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்து, "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கு ஆச்சரியமா இருந்திருக்கும்" என்றான். ஆறு வார்த்தை. நான் எண்ணினேன். அதைக் கேட்டுத்தான் இந்த விவகாரத்தில் அவள் முதல் தடவையாக அழுதாள்.

பன்னிரண்டாம் நாள் கண்ணாடியம்மாவே மூன்று மாடி ஏறி வந்தாள். வந்ததும் கைப்பையைக் குடைந்தாள். "நெத்தியில இருக்கும்மா" என்றேன்.

விஷயம் இதுதான். என் மருமகள் காப்பி எடுத்த விசாரணைப் பலகை நிஜம் போலவே இருக்கிறது என்று ஆபீஸில் மற்ற மூன்று பேரும் அதை வாங்கித் தங்கள் பொய்த் தெருவில் மாட்டியிருக்கிறார்கள். நாலு தெருவிலும் ஒரே ஓட்டை. ஆறு வாரமாகத் தரகன் வெளியே போய்ப் போய் வந்திருக்கிறான்.

"வாராவாரம் ஒருத்தர் ஏணியோட ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பார்" என்றாள் கண்ணாடியம்மா. "ஜன்னல் துடைக்கிறவர். எங்கள்ல ஒருத்தர் சோதனைக்காக ஆபீஸ் அட்ரஸைப் போட்டு, ஜன்னல் துடைக்க ஆள் கேட்டிருக்கார். வேற யாரோ கூப்பிட்டிருக்காங்கன்னு செக்யூரிட்டி அவருக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிக்கிட்டிருந்தார். எங்களுக்குத் தோணவே இல்லை. நீங்க சொல்லலைன்னா அப்படியே வெளிய விட்டிருப்போம்."

நான்தான் கேட்டேன். "அப்ப இவ வேலை?"

"வேலை இருக்கும்மா. நிரந்தரம் பத்தி இப்ப என்னால வாக்கு குடுக்க முடியாது. ரெண்டு மாசம் தள்ளிப் போட்டிருக்கோம். அதுக்குள்ள அது நின்னு கேட்கறதுக்கும், வேண்டாம்னா விடறதுக்கும் கத்துக்கணும். அதை இவங்கதான் சோதிக்கணும். இவங்க சரின்னாதான் சரி."

அந்த இரண்டு மாதமும் அவள் பொய்த் தெருவைச் சுற்றி மறுபடி சுவர் எழுப்பினாள். பிறகு, உள்ளே பார்த்தது போதாது, சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லிவிட்டு வெளியிலும் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நர்ஸ்களுக்குப் பாடம் சொல்லித்தரும் அறையில் யாரும் படுக்காத ஒரு பெட்டை ஆஸ்பத்திரி கொடுத்தது. பேக்கரி வண்டிக்காரர்களிடம் கேட்டாள், உடனே சரி என்றார்கள். நோயாளிதான் வேண்டும்.

"அத்தை..." என்று இழுத்தாள்.

"படுக்கறேன். ஆனா என் முதுகு பத்திரம்."

நான் செய்ய வேண்டியது இதுதான். முதலில் சரி என்று சொல்லி, மாடிப்படி வளைவு வந்ததும் மாட்டேன் என்று சொல்ல வேண்டும். தரகன் உடனே எல்லாவற்றையும் நிறுத்துகிறானா என்று பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்குப் படுத்தேன். போன் அடித்தது. ரொம்ப மரியாதையான குரல். "ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு செய்யட்டுமா? உங்களுக்குச் சம்மதமா?" சம்மதம் என்றேன். நீலச் சட்டைகள் வந்து தூக்கினார்கள். வளைவில், "நான் வரலை, இறக்குங்க!" என்று கத்தினேன். இரண்டாவது மாடிக்காரி கதவைத் திறந்து, என்னை எங்கேயோ கடத்துகிறார்கள் என்று கூச்சல் போட்டாள். அவளைச் சமாதானப்படுத்துவது தனி வேலையாகிவிட்டது. நடுவில் போன் அடித்தது.

"போக வேண்டாம் என்று சொன்னீர்களா?"

"ஆமா."

"நிறுத்திவிடுகிறேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"இந்தக் குண்டு ஆளை ஒரு பக்கமாச் சாயாம நிக்கச் சொல்லு."

வண்டி உடனே நின்றது. சிலிண்டரும் நின்றது. பெட்டை மட்டும் பதினோரு நிமிஷம் கழித்துத்தான் விட்டான். கண்ணாடியம்மா படியில் நின்றுகொண்டு, "பரவாயில்லையே, பதினோரு நிமிஷம்தானே" என்றாள்.

மருமகள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வராந்தாவுல படுத்திருக்கறவங்களுக்கு அது பதினோரு நிமிஷம் இல்லை மேடம்."

என் பக்கம் திரும்பவில்லை. நான் ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடந்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று குண்டானவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், நம்பினார்.

அன்று அவள் கையெழுத்துப் போடவில்லை. ஆறு நாள் ஆபீஸில் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அடுத்த தரம், நான் மாட்டேன் என்று வாய் மூடுவதற்குள் முதல் வேலையாகப் பெட் விடுபட்டது. வண்டியை நிறுத்தியது அதற்குப் பிறகுதான். கண்ணாடியம்மா கை தட்டினாள். இவள், இன்னொரு தரம் என்றாள். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று பதினான்கு தடவை என்னை அந்த வளைவு வரை தூக்கிக்கொண்டு போனார்கள். அரிசி மூட்டையைக்கூட அத்தனை தடவை ஏற்றி இறக்கியிருக்க மாட்டார்கள். இரண்டாவது மாடிக்காரி பழகிப்போய், "இன்னிக்குப் போறீங்களா, இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

கடைசித் தடவை எனக்கு வேறு உத்தரவு. போன் வந்தால் சரி என்றும் சொல்லக்கூடாது, மாட்டேன் என்றும் சொல்லக்கூடாது. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. "உங்களுக்குச் சம்மதமா?" என்றான். பேசவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டான். பேசவில்லை. நானே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, "நான் காத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவரிடம் கேட்கிறேன்" என்றான். அடுத்த நொடி மருமகளின் போன் அடித்தது. வண்டி கிளம்பவில்லை. ஒரு பெட்டையும் பிடித்து வைக்கவில்லை. அவள் பதில் சொல்லும் வரை எதுவும் நகரவில்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "கேட்குது அத்தை. நின்னு கேட்குது" என்றாள். போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, திரையில் விரலாலேயே கையெழுத்துப் போட்டாள். கண்ணாடியம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் தோளில் கை வைத்தாள்.

அதற்கு அடுத்த மாதமே தரகன் நிஜமாக வேலைக்கு இறங்கிவிட்டான். நீலச் சட்டைக்காரர்கள் இப்போது வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறார்கள், உதவிக்கு இன்னொரு மச்சானையும் சேர்த்துக்கொண்டார்களாம்.

நிரந்தர வேலைக்கான கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் கடவுளுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் இவள் பேனாவை எடுத்துவிட்டாள். சேர்ந்த தேதியை ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருக்கிறார்களாம், பதவியின் பெயரும் தப்பாம். கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"கைக்கு வந்த காகிதத்தைத் திருப்பி அனுப்பறவளை நான் இப்பத்தான் பார்க்கறேன். அவங்க மனசு மாறிட்டா என்னடி பண்ணுவே?"

"மாற மாட்டாங்க அத்தை. தப்புன்னு சொன்னா கேட்டுக்கறாங்க இப்ப."

நாலு நாள் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிம்மதியாகத் தூங்கினாள். சனிக்கிழமை திருத்திய கடிதத்தைக் கையிலேயே கொண்டுவந்தாள். நின்றபடி எனக்கு முழுசும் படித்துக் காட்டினாள். பிறகு அதை மடித்து என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, "அத்தை, ஆபீஸ்ல அடுத்தது ஒண்ணு வந்திருக்கு. வீட்டுல தனியா இருக்கறவங்களுக்கு எது உடைஞ்சாலும் அதுவே ஆளைத் தேடிப் பிடிச்சு ரிப்பேர் பண்ணிக் குடுக்குமாம். எனக்கு அம்பது மோசமான ரிப்பேர்காரங்க வேணும். யோசிங்க" என்றாள்.

"அம்பதா? எனக்குத் தெரிஞ்சே நூறு பேர் இருக்காங்க. முதல்ல அந்தச் செருப்பைக் கழட்டிட்டு வந்து உட்காரு."